நவாபும் ஃப்ரீமேசன்களும்: மதராஸ் மாவட்டத்தின் வரலாறு தரும் படிப்பினை



வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் பெயர்ப்பலகைகளில் ‘வாலாஜாபாத்’ என்ற ஊர்ப்பெயரை நம் பகுதி மக்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் நினைவாக அவ்வூருக்கு அப்பெயர் வந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அந்த நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா, ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியராக வரலாற்று நூல்களில் குறிப்பிடப்படுபவர் என்பதை அறிந்தவர் அவர்களினும் சிலர்.

ஃப்ரீமேசன் என்ற சொல்லோ இன்று நம் பிள்ளைகள் அனைவருக்கும் பழக்கமாகிவிட்டது. உலகத்தை மறைவில் ஆளும் கூட்டம் என்றும், தஜ்ஜாலின் முன்னோடிகள் என்றும், ரூபாய்த் தாளிலும் குளிர்பானப் புட்டியிலும் தம் அடையாளத்தை ஒளித்து வைத்திருப்பவர்கள் என்றும் கைப்பேசியில் காணொளிகள் வந்தவண்ணம் உள்ளன. மதரஸா மாணவர்கள் அவற்றை எடுத்துவந்து நம்மிடம் விளக்கம் கேட்கிறார்கள். அச்சமூட்டும் கதைக்கு மாற்று, ஆதாரமுள்ள வரலாறு. அவ்வரலாற்றில் ஒரு பகுதி நம் தமிழ் மண்ணிலேயே நடந்திருக்கிறது. ஆகவே அதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இவர்கள் யார்?

‘மேசன்’ என்றால் கல்தச்சர், கொத்தனார். ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள் தமக்கெனக் குழுக்களை வைத்திருந்தனர். பிற்காலத்தில் உளியைத் தொட்டறியாத பிரபுக்களும் வணிகர்களும் அக்குழுக்களில் சேர்ந்தனர். தொழில் மறைந்தது; தச்சரின் கருவிகள் ஒழுக்கத்தின் குறியீடுகளாக எஞ்சின. மூலைமட்டம் நேர்மையையும், கவராயம் தன்னடக்கத்தையும் குறிப்பதாகக் கொண்டனர். 1717 ஜூன் 24 அன்று லண்டன் விடுதியொன்றில் நான்கு குழுக்கள் கூடி ‘கிராண்ட் லாட்ஜ்’ என்னும் தலைமைச் சபையை அமைத்தன.

‘லாட்ஜ்’ என்றால் நமக்குத் தங்கும் விடுதி நினைவுக்கு வரும். அவர்களிடத்தில் அது ஒரு கிளைச் சபையின் பெயர். உறுப்பினர்கள் மூன்று படிகளில் ஏறுகின்றனர். ஒவ்வொரு படியிலும் சடங்கும் உறுதிமொழியும் உண்டு. இறைவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்புபவராக உறுப்பினர் இருக்க வேண்டும். ஆனால் எம்மதத்தவர் என்று கேட்பதில்லை. உறுதிமொழியை அவரவர் வேதத்தின் மீது எடுத்துக்கொள்கின்றனர். மதம், அரசியல் இரண்டையும் லாட்ஜுக்குள் விவாதிக்கக் கூடாது என்பது விதி. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘சகோதரர்’ என்றே அழைக்கின்றனர். அந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வரலாறு முழுவதும் அச்சொல்லைச் சுற்றியே நிகழ்கிறது.

கோட்டையில் தொடங்கிய சபை

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் துணியும் துப்பாக்கியும் வந்தது போலவே இச்சங்கமும் வந்தது. 1730 வாக்கில் கல்கத்தாவிலும், 1752இல் மதராஸிலும் லாட்ஜ்கள் அமைந்தன. 1766இல் கேப்டன் எட்மண்ட் பாஸ்கல் என்னும் படை அதிகாரி மதராஸுக்கும் அதைச் சார்ந்த பகுதிகளுக்கும் மாகாணத் தலைவராக நியமிக்கப்பட்டார். ஜார்ஜ் கோட்டையின் அதிகாரிகளும், கம்பெனி எழுத்தர்களும், வணிகர்களுமே உறுப்பினர்கள்.

அக்காலத்தில் இங்கிலாந்திலேயே இச்சங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைமைப் பிரிவின் லாட்ஜ் ஒன்று 1768இல் மதராஸில் அமைந்தது. சகோதரத்துவம் பேசியவர்கள் இரு கட்சியாக நின்றனர். 1786இல் மதராஸில் இரு தரப்பும் இணைந்தன. அந்த ஆண்டில் உருவான லாட்ஜுக்கு ‘முழு ஒருமனம்’ எனப் பொருள்படும் ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ என்ற பெயர் சூட்டப்பட்டது. தாய்நாடான இங்கிலாந்தில் அந்த இணக்கம் ஏற்பட 1813 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருச்சியில் ஓர் இளவரசர்

இந்த ஐரோப்பியர் வட்டத்துக்குள் 1770களில் ஒரு முஸ்லிம் இளவரசர் அடியெடுத்து வைத்தார். திருச்சிராப்பள்ளியில் இருந்த லாட்ஜில் உம்தத்துல் உமரா உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவரைச் சேர்த்தவர் டெரன்ஸ் கஹகன் என்னும் மருத்துவர். செய்தி லண்டனை எட்டியதும் அங்குள்ள தலைமைச் சபை மகிழ்ந்தது. வாழ்த்து மடலும், அழகாக அணிசெய்யப்பட்ட ‘ஏப்ரன்’ என்னும் முன்னுடையும், சங்கத்தின் விதிநூலும் அவருக்கு அனுப்பப்பட்டன. கல்தச்சர் வேலையின்போது இடுப்பில் கட்டிய துணியே அவர்களிடத்தில் உயர்ந்த மரியாதைச் சின்னமாயிற்று. இளவரசரின் பதில் பாரசீக மொழியில் எழுதப்பட்டு, 1780இல் லண்டன் சேர்ந்தது. அதைச் சபையினர் மொழிபெயர்த்துப் போற்றி வைத்தனர்.

ஓர் இளவரசர் இதில் ஏன் சேர்ந்தார்? அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். ஆயினும் அன்றைய ஆற்காட்டின் நிலையை நாம் அறிவோம். பிரெஞ்சுக்காரரை எதிர்த்துத் தம்மை நவாபாக நிலைநிறுத்திய கம்பெனிக்கு முகம்மது அலி கடமைப்பட்டிருந்தார். 1763இல் செங்கல்பட்டு ஜாகீரையே அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். இன்று நாம் வாழும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகள் அந்த ஜாகீரில் அடங்கும். படைச் செலவுக்குப் பணம் போதாமல், கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார். ஒரு கடனை அடைக்க மறு கடன். அதற்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய். அந்தக் கடன்காரர்களும், படைத்தளபதிகளும், கவுன்சில் உறுப்பினர்களும் மாலையில் ஒன்றுகூடிச் சமமாய் அமரும் ஓர் அறை இருந்தது. அங்கே அரசகுமாரருக்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

1801: சோதனையின் ஆண்டு

1795இல் தந்தை இறந்தபின் உம்தத்துல் உமரா நவாப் ஆனார். கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட மாவட்டங்களை முற்றிலும் ஒப்படைக்குமாறு ஆளுநர் ஹோபார்ட் வற்புறுத்தினார், நவாப் மறுத்துவிட்டார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதானார். அங்கே கைப்பற்றிய ஓலைகளில், நவாபும் அவர் தந்தையும் திப்புவுடன் இரகசியத் தொடர்பு வைத்திருந்ததற்குச் சான்று கிடைத்ததாகக் கம்பெனி கூறியது. அச்சான்று வலுவற்றது என்று பின்வந்த ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளனர்.

1801 ஜூலையில் நவாப் மரணப்படுக்கையில் கிடந்தபோதே, கம்பெனிப் படை சேப்பாக்கம் அரண்மனையின் வாயில்களைக் கைக்கொண்டது. ஜூலை 15 அன்று அவர் மறைந்தார். வாரிசாக அறிவிக்கப்பட்ட அலி ஹுசைன், ஆட்சியை ஒப்படைக்கும் நிபந்தனையை ஏற்க மறுத்தார். உடனே அவரை ஒதுக்கிவிட்டு, மற்றொரு கிளையைச் சேர்ந்த அஸீமுத் தௌலாவை அமர்த்தி ஜூலை 31 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நவாபுக்குப் பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. கர்நாடக நாடு முழுவதும் கம்பெனியின் வசமாயிற்று.

இந்த நடவடிக்கையின் பின்னால் நின்ற கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. அவரும் ஒரு ஃப்ரீமேசன். சாதாரண உறுப்பினரும் அல்லர். 1782இல் அயர்லாந்து தலைமைச் சபையின் கிராண்ட் மாஸ்டராக இருந்தவர். சங்கத்தின் விதிப்படி, ஆட்சியைப் பறித்தவரும் பறிகொடுத்தவரும் ‘சகோதரர்கள்’.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். உலகத்தையே இச்சங்கம் மறைவில் ஆளுகிறது என்ற கதை உண்மையானால், அதன் உறுப்பினரான நவாபை அது காத்திருக்க வேண்டும். அவரை வீழ்த்த அது சதி செய்தது என்றால், அதற்கும் தேவை இருக்கவில்லை. கர்நாடகத்தை விழுங்கியவை கடன் பத்திரங்கள், ஒப்பந்தங்கள், வரிக் கணக்குகள். அவை யாவும் பகல் வெளிச்சத்தில், சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்தானவை. எட்மண்ட் பர்க் 1785இலேயே இக்கடன்களைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கினார். 1801க்குப் பிறகு நவாபின் பெயரால் வந்த கடன் கோரிக்கைகளை விசாரிக்க ஆணையம் அமைத்தார்கள். 3 கோடி பவுனுக்கு மேல் கோரிக்கைகள் குவிந்தன. அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையானது என்று ஏற்கப்படவில்லை. திறந்த வாசலில் வட்டி நுழைந்திருக்க, நாம் மூடிய அறையின் சாவித்துளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாவட்டமும் அதன் தலைமையும்

ஆட்சி உறுதிப்பட்டபின் சங்கமும் வேரூன்றியது. 1839இல் ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ லாட்ஜ் கடற்கரையில் தமக்கென வெண்ணிறத் தூண்களுடன் ஒரு மாளிகை எழுப்பியது. சென்னை மெரினாவில் இன்று தமிழகக் காவல்துறைத் தலைமையகமாக விளங்குவது அதுவே. 1865இல் அது காவல்துறைக்கு வாடகைக்கு விடப்பட்டது. 1874இல் 20,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. உலகை ஆள்வதாகச் சொல்லப்படுவோர் தம் மாளிகையைக் காவல்துறைக்கு விற்றுவிட்டு வேறிடம் பார்த்தனர்! இப்போது அவர்களுடைய மண்டபம் எழும்பூர் எத்திராஜ் சாலையில், பெயர்ப்பலகையுடன் நிற்கிறது.

1866 முதல் கடல்கடந்த மாகாணங்களை ‘மாவட்டம்’ என்று அழைக்கும் முறையை லண்டன் ஏற்படுத்தியது. இது வருவாய் மாவட்டம் அன்று. மதராஸ் மாகாணத்தில் ஆங்கிலேயத் தலைமைச் சபையை ஏற்ற லாட்ஜ்கள் அனைத்தும் ஒரு மாவட்டம். அதன் தலைவர் ‘டிஸ்டிரிக்ட் கிராண்ட் மாஸ்டர்’. அவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. லண்டனிலுள்ள கிராண்ட் மாஸ்டர் நியமிக்கிறார். ஒவ்வொரு லாட்ஜும் தன் தலைவரை ஆண்டுதோறும் தானே தேர்ந்தெடுத்தது. மாவட்டத் தலைமையோ மேலிருந்து வந்தது. அதனால் நாட்டை ஆண்டவர்களே சங்கத்தையும் ஆளும் நிலை எளிதில் ஏற்பட்டது. 1900 முதல் 1906 வரை மதராஸ் ஆளுநராக இருந்த ஆம்ப்தில் பிரபு இம்மாவட்டத்தின் தலைவராகவும் இருந்தார். தாயகம் திரும்பிய பின் 1908 முதல் 1935 வரை இங்கிலாந்துச் சபையின் இரண்டாம் பெரிய பதவியை வகித்தார். உள்ளே அனைவரும் சமம் என்றனர். ஆயினும் வெளியே இருந்த நாற்காலியின் உயரம் உள்ளேயும் கணக்கில் வந்தது.

இந்தியர்களைச் சேர்ப்பதிலும் இதே இரட்டை நிலை. நவாபின் மகனுக்குத் தாராளமாகத் திறந்த கதவு, பொதுமக்களுக்குத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. பம்பாயில் 1843இல் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், இந்தியர்களுக்கென்றே ‘ரைசிங் ஸ்டார்’ லாட்ஜைத் தொடங்கினார். பார்சிகளும் முஸ்லிம்களும் அதில் முதலில் சேர்ந்தனர். கல்கத்தாவிலோ பிரசன்னகுமார் தத் என்னும் இந்து 1863இல் விண்ணப்பித்து, ஒன்பது ஆண்டுகள் போராடி 1872இல்தான் அனுமதி பெற்றார். ‘எல்லா மதத்தவரும் சகோதரர்’ என்று ஏட்டில் எழுதியிருந்தவர்கள், அந்த ஏட்டை ஓர் எளிய மனிதருக்காகத் திறக்க எடுத்துக்கொண்ட காலம் அது.

பின்னர் நிலைமை மாறியது. விவேகானந்தர் இளமையில் 1884இல் கல்கத்தா லாட்ஜில் சேர்ந்தார். மோதிலால் நேருவும் உறுப்பினராக இருந்தார். நாடு விடுதலை பெற்ற பின் 1961 நவம்பர் 24 அன்று புதுதில்லியில் இந்தியத் தலைமைச் சபை தனியே நிறுவப்பட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று சபைகளின் கீழிருந்த லாட்ஜ்களுக்கு, புதிய சபையில் இணையவோ பழைய சபையிலேயே தொடரவோ உரிமை அளிக்கப்பட்டது. நாடு நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டது. தென்மண்டலத்தின் தலைமையிடம் சென்னை. புதிய சபையின் முதல் கிராண்ட் மாஸ்டர் யார் தெரியுமா? ராம்பூர் நவாப் சையத் ரஸா அலி கான். திருச்சியில் ஒரு நவாபின் மகனோடு தொடங்கிய இந்தியர் வரலாறு, தில்லியில் மற்றொரு நவாபின் தலைமையை அடைந்தது.

உலக முஸ்லிம்கள் கண்ட இருவேறு முடிவுகள்

இச்சங்கத்தை நாடியவர்களுள் அறிஞர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போராடியவரும், 1860இல் டமாஸ்கஸ் கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைக் காத்தவருமான அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரி 1864இல் இதில் சேர்ந்தார். ஜமாலுத்தீன் ஆஃப்கானி 1870களில் கெய்ரோ லாட்ஜ் ஒன்றின் தலைவராகவே இருந்தார். அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராகப் பேசவும் கூடவும் ஓர் இடம் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணினர். ஆனால் அரசியல் பேசலாகாது என்ற விதியோடு மோதி ஆஃப்கானி விலகினார்.

அழைப்பை மறுத்தவரும் உண்டு. லக்னோவைச் சேர்ந்த மிர்ஸா அபூ தாலிப் கான் 1799இல் கப்பலேறி லண்டன் சென்று, தம் பயணத்தைப் பாரசீகத்தில் எழுதியவர். சங்கத்தில் சேருமாறு பலர் அவரை வற்புறுத்தினர். அவர்களுடைய கொள்கை தம் சிந்தனைக்கு ஒத்துவரும் என்ற உறுதி தமக்கு ஏற்படவில்லை என்று கூறி, பணிவுடன் விலகிக்கொண்டார். அவர் அவர்களைப் பேய்களாகவும் சித்திரிக்கவில்லை. அவர்களுடைய பகட்டில் மயங்கவும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் முஸ்லிம் நாடுகள் பல இச்சங்கத்துக்குத் தடை விதித்தன. எகிப்தில் 1964இலும் பாகிஸ்தானில் 1972இலும் லாட்ஜ்கள் மூடப்பட்டன. 1978 ஜூலையில் மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு சபை, இதில் சேர்வதைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கத்தோலிக்கத் திருச்சபையோ அதற்கு வெகுமுன்பே, 1738இல் தம் மக்கள் இதில் சேர்வதைத் தடுத்திருந்தது. மறைவான உறுதிமொழியும், எல்லா மார்க்கங்களையும் ஒரே தட்டில் வைக்கும் சடங்கும் ஒரு முஸ்லிமுக்குப் பொருந்தாதவை. ஆகவே இதில் சேரலாமா என்ற கேள்விக்கு உலமாக்களின் விடை தெளிவாக இருக்கிறது.

ஆனால் ஒன்றில் சேராதிருப்பது வேறு. அதைப் பற்றிப் பொய் பரப்புவது வேறு. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுமாறு திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயமே இறைநம்பிக்கையாளர்கள் சகோதரர்கள் என்றும் அறிவிக்கிறது. விசாரணையும் சகோதரத்துவமும் ஒரே அத்தியாயத்தில் இடம்பெற்றிருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நமக்கான கேள்வி

உம்தத்துல் உமராவின் ‘சகோதரர்கள்’ அவருக்கு அழகிய ஏப்ரனை அனுப்பினார்கள். அவருடைய வாசலில் படை வந்து நின்றபோது, அந்த உறவு அவருக்கு உதவவில்லை. சகோதரத்துவம் எனும் சொல்லை வைத்து ஒரு கூட்டத்தை எடைபோட இதைவிட நேரிய அளவுகோல் இல்லை. அதே அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்ப்பது நியாயம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளை நம்பிப் பல ஊர்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் பள்ளிவாசலில் நம்மோடு தோள்சேர்ந்து தொழுகிறார்கள். ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் இருப்பவர் யார், தங்கையின் திருமணத்துக்காகக் கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கிவிட்டு வட்டி கட்ட முடியாமல் தவிப்பவர் யார் என்பது அருகில் நின்று தொழும் நமக்குத் தெரிகிறதா? முகம்மது அலியை வீழ்த்திய அதே வட்டி இன்று ஐயாயிரம் ரூபாய்க் கடனாக வந்து வாசலில் நிற்கிறது. அதற்கு இரகசிய அடையாளம் ஏதும் இல்லை. தன் நிபந்தனைகளைத் திரையில் அது வெளிப்படையாகவே காட்டுகிறது.

நம் மஹல்லாவின் பைத்துல்மால் அந்த இளைஞனை எட்டுகிறதா? வட்டியில்லாக் கடனுக்கு நம்மிடம் ஒரு சிறு நிதியேனும் இருக்கிறதா? பிற மாநிலத்திலிருந்து வந்தவர் பெயரை நம் ஜமாஅத்தில் எத்தனை பேர் அறிவோம்? அடுத்த முறை ஃப்ரீமேசன்களைப் பற்றிய காணொளி கைப்பேசிக்கு வந்தால், அதை மற்றவருக்கு அனுப்புமுன் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். பிறகு ஜும்ஆ தொழுகை முடிந்ததும், பக்கத்தில் அமர்ந்திருந்தவரின் நலத்தை விசாரித்துவிட்டு வீடு திரும்புங்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து, வட்டியின் தீங்கிலிருந்தும் வதந்தியின் தீங்கிலிருந்தும் நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.